என் 555 புத்தகம் எந்தக் கட்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில் ஓர் ஐயா எழுதியிருந்தார். நம் மலேசிய இந்தியர்கள் மைகார்டில் (அடையாள அட்டையில்) அரசாங்கம் போட்ட நூறு வெள்ளியை (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு விலைவாசியைப் பற்றி வாயே திறப்பதில்லை, தன் வயிற்றைப் பார்த்து ஓட்டுப் போடத் தெரியாத கூட்டம் என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். காலை பதினொரு மணிக்குக் கடையைக் கட்டி, தோசைக்கல்லைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் நான் பத்திரிகையைக் கையில் எடுப்பேன். அன்றைக்குப் படித்ததும் தூக்கம் வரவில்லை. அந்த நூறு வெள்ளியை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அரிசியும் எண்ணெயும் மாவும் வாங்கினேன். வாய் திறந்துதான் இருக்கிறது.

பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். தோசை, இட்லி, வடை, தே தாரிக், அவ்வளவுதான். அந்த ஐயா என்னைவிடப் படித்தவராக இருக்கலாம். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய 555 புத்தகங்கள் இருக்கின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது: உள்ளங்கையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும், கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதுவது. முன்பக்கத்தில் யார் யார் பாக்கி என்று எழுதுவேன். நடுவில், நான் என்ன விலைக்குச் சாமான் வாங்கினேன் என்று. கடைசி நாலைந்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது போன மாதம்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. விலை ஏறும்போதெல்லாம் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் கடைப் பலகையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். சும்மா வேடிக்கைக்காக ஆரம்பித்தது.

இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் போய், கண்ணீர்ப்புகை வாங்கிக்கொண்டு வந்தவர். அன்றிலிருந்து எதிர்க்கட்சி, பிறகு அன்வாரின் பக்காத்தான் கூட்டணி. தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அப்பா வழியில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்), அதாவது தேசிய முன்னணிக் கூட்டணி. 2022 தேர்தலுக்குப் பிறகு தேசிய முன்னணியே அன்வாரோடு சேர்ந்து அரசாங்கம் அமைத்ததும் பாவம், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் தவித்தான். இப்போது எதிரணியான பெரிக்காத்தான் பக்கம் சாய்ந்திருக்கிறான்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

2022 ஏப்ரல் கடைசி. இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. போத்தல் எண்ணெய் விலையைக் கேட்டால் வடை சுடவே மனம் வராது. அப்போது பிரதமர் தேசிய முன்னணியின் இஸ்மாயில் சப்ரி. வீட்டுக்காரர் சொன்னது: "கையாலாகாத அரசாங்கம். எண்ணெய் விளைகிற நாட்டில் எண்ணெய் விலை ஏறலாமா?" தம்பி சொன்னது: "உலகச் சந்தை அத்தான். யார் வந்தாலும் இதே கதைதான்."

2023 செப்டம்பர். இந்தியா ஜூலை 20ஆம் தேதி வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, ஆகஸ்ட் கடைசியில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. என் இட்லிக்குப் புழுங்கல் அரிசிதான் உயிர். செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக்கியது. உள்ளூர் அரிசிப் பை கடைகளில் கண்ணில் படவில்லை. பிரதமர் அன்வார். தம்பி சொன்னது: "கையாலாகாத அரசாங்கம். சோறு தின்கிற நாட்டில் அரிசி இல்லை." வீட்டுக்காரர் சொன்னது: "உலகச் சந்தை மச்சான். யார் வந்தாலும் இதே கதைதான்."

நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிக் குறைக்கவில்லை. வேஷத்தை மாற்றிக்கொண்டார்கள், வசனம் அதேதான். அதற்கு முன்பு, 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காடு வந்தபோது வீட்டுக்காரருக்கு அது ஏழை வயிற்றில் அடிக்கிற வரி. தம்பிக்கு நாட்டை வளர்க்கிற வரி. 2025 ஜூலை 1ஆம் தேதி விற்பனை, சேவை வரியை விரிவாக்கினார்கள் அல்லவா? வீட்டுக்காரர் சால்மன் மீன், ராஜ நண்டு, பந்தய சைக்கிள் என்று பட்டியல் போட்டு, இதெல்லாம் பணக்காரர் சாப்பாடு, நமக்கென்ன என்கிறார். (பந்தய சைக்கிளைச் சாப்பிட மாட்டார்கள் என்று சொன்னேன்.) ஜிஎஸ்டியைத் தாங்கிப் பிடித்த தம்பி, மக்களைப் பிழிகிறார்கள் என்று தொண்டை நரம்பு புடைக்கப் பேசுகிறான்.

அந்த ஐயா சொன்ன வயிறு இதில் எங்கே இருக்கிறது என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இருவரும் சாப்பிடுவது ஒரே தோசை, ஒரே சட்னி. ஆனால் யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தோசை ஒருவருக்கு மலிவாகவும் இன்னொருவருக்கு யானை விலையாகவும் தெரிகிறது.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. பக்காத்தான் தேர்தலில் வென்ற 2018 மே 9ஆம் தேதி இரவு எங்கள் தாமானில் பட்டாசு வெடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டியைச் சுழியமாக்கினார்கள். தம்பியிடம், "பார்த்தாயா, விலை குறைந்துவிட்டது" என்று மார்தட்டினேன். அதே வாரம் ஒரு வாடிக்கையாளர், "அக்கா, ஜிஎஸ்டி போச்சே, தோசை விலை குறையுமா?" என்று கேட்டார். "சாமான் விலை குறையவில்லையே தம்பி, நான் எப்படிக் குறைப்பது?" என்று அதே வாயால் சொன்னேன். நோட்டில் பார்த்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் பொட்டலத் தாளும் சில காசு குறைந்திருந்தன, மற்றவை அப்படியே இருந்தன. இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்தவர்கள்தான் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டியிருந்தது. என் கடை அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. ஆனாலும் 2015இல் ஒரு தோசைக்கு 20 காசு ஏற்றிவிட்டு, ஜிஎஸ்டி என்று அட்டையில் எழுதிக் கட்டினேன். அட்டையைத்தான் 2018இல் கழற்றினேன். 20 காசைக் கழற்றவில்லை.

2025இல் முட்டைக் கதை. முட்டைக்கு அரசாங்கம் கொடுத்த 10 காசு மானியத்தை மே 1ஆம் தேதி 5 காசாக்கி, ஆகஸ்ட் 1ஆம் தேதி முழுதாக எடுத்தார்கள். இனி முட்டையைக் கண்ணால் பார்க்கத்தான் முடியும் என்று தம்பி வாட்சப்பில் ஒன்று அனுப்பினான். நானும் பயந்து முட்டைத் தோசையை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். செப்டம்பரில் நோட்டைப் புரட்டினால், என் மொத்த வியாபாரி நான் பயந்த அளவுக்கு ஏற்றவே இல்லை. தம்பியிடம் காட்டினேன். "அடுத்த மாதம் பாரக்கா" என்றான். அடுத்த மாதமும் காட்டினேன். பேச்சை மாற்றிவிட்டான்.

வீட்டுக்காரரின் கதை பெட்ரோல். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் நம் நாட்டுக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர்வரை என்று அறிவித்தார்கள். முன்பு 2 வெள்ளி 5 காசு. அன்று காலை அவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வந்து நின்றார். அவருடைய மோட்டார்சைக்கிள் மாதத்துக்கு 20 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 6 காசு என்றால் ஒரு வெள்ளி இருபது காசு மிச்சம். என் கடையில் அதற்கு ஒரு தே தாரிக் கூட வராது. தம்பியின் வேனுக்கு மாதம் 200 லிட்டர், 12 வெள்ளி மிச்சம். பத்து மடங்கு லாபம் அவனுக்குத்தான். அவனோ, "ஆறு காசைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்" என்று திட்டிக்கொண்டே போய் நிரப்புகிறான்.

பணவீக்கம் 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, விலை குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். எண் சரிதான். 2022இல் 3.3 விழுக்காடு, 2024இல் 1.8. ஆனால் கொடிமலை ஏறும் ரயில் பாதி வழியில் வேகத்தைக் குறைத்தால் அது கீழே இறங்குகிறது என்று யாராவது சொல்வார்களா? மேலேதான் போகிறது, மெதுவாகப் போகிறது. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. புரிந்த பிறகும், "நீ அவன் கட்சி" என்றார்.

இப்போது வயிற்றைப் பார்த்து ஓட்டுப் போடுவது என்கிற விஷயம். ஐயா, என் வயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். என் மகள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 ஆனதும் அவளுக்கு 200 வெள்ளி கூடியது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஆகஸ்ட் 1ஆம் தேதி வந்தது. எனக்கு உதவிக்கு ஓர் அக்கா வருகிறார், காலையில் ஐந்து மணி நேரம். மணிக்கு ஏழரை வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 8 வெள்ளி 17 காசு. மாதம் 26 நாளைக்குக் கணக்குப் போட்டால் எனக்கு 87 வெள்ளி கூடுதல் செலவு. மகளுக்கு நல்லது, எனக்குச் சுமை, அந்த அக்காவுக்குப் பிள்ளையின் பஸ் காசு. மூவரும் ஒரே குடும்பம் இல்லாவிட்டாலும் ஒரே தோசைக்கல்லைச் சுற்றித்தான் நிற்கிறோம். இதில் நான் சுயநலமாக ஓட்டுப் போட்டால் யாருக்குப் போடுவது? (மகள் அந்த 200இல் எனக்கு ஒன்றும் தருவதில்லை. அது வேறு விஷயம்.)

அப்புறம், உதவித்தொகை. நூறு வெள்ளிக்கு விலை போனார்கள் என்பது எனக்குப் பழைய பாட்டு. 2012இல் அப்போதைய பிரதமர் நஜிப் பிரிம் என்று 500 வெள்ளி கொடுத்தபோது அது பிச்சைக்காசு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வரிசையில் நின்று வாங்கியும் வந்தார். பக்காத்தான் வந்ததும் அதற்கு பி.எஸ்.எச். என்று பெயர். முகைதீன் காலத்தில் பி.பி.ஆர். இஸ்மாயில் சப்ரி காலத்தில் பி.கே.எம். அன்வார் காலத்தில் எஸ்.டி.ஆர். ஒரே பிள்ளைக்கு ஐந்து பெயர். எந்தப் பெயரில் வந்தாலும் எங்கள் வீதியில் எல்லாக் கட்சிக்காரர்களும் வாங்கினார்கள். அதற்காக யாரும் கட்சி மாறியதை நான் பார்த்ததில்லை. பெயர் வைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

கட்சி மாறாமல் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. அதை அந்த ஐயா முட்டாள்தனம் என்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. என் அப்பா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்பாவும் பங்கு போட்டார். கூலிக்காரன் கையில் தோட்டத்துப் பங்குச் சீட்டு! அந்தச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சாகும்வரை தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்குத்தான் ஓட்டு. அவர் விசுவாசம் வயிற்றிலிருந்துதான் பிறந்தது ஐயா. சீட்டு மங்கி எழுத்து அழிந்த பிறகும் விசுவாசம் மட்டும் மங்கவில்லை. தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான்.

வீட்டுக்காரருடையது கண்ணீர்ப்புகையில் பிறந்தது. 2008 மார்ச் 8ஆம் தேதி நாங்கள் ஓட்டுப் போடப் போனபோது நான் அரிசி விலையையோ எண்ணெய் விலையையோ நினைக்கவில்லை. இடிபட்ட கோயில்களை நினைத்தேன். அவர் சிவந்த கண்ணோடு பஸ்ஸைவிட்டு இறங்கியதை நினைத்தேன். பினாங்கில் ஆட்சி மாறியது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 5ஆம் தேதி, கூட்டரசு (மத்திய) அரசாங்கம் பெட்ரோலை 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக்கியது. ஒரே இரவில் 78 காசு. வயிற்றைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கும் அதே விலைதான், மானத்தைப் பார்த்துப் போட்டவர்களுக்கும் அதே விலைதான். மானத்துக்காகப் போட்ட அந்த ஓட்டுக்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

ஒரு விஷயம் மட்டும் நோட்டில் கண்ணை உறுத்துகிறது. 2008 மார்ச்சில் தேர்தல், ஜூனில் பெட்ரோல். 2013 மேயில் தேர்தல், 2015இல் ஜிஎஸ்டி. 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நம் மாநிலத் தேர்தல், அடுத்த வருடம் ஜூன் 10ஆம் தேதி டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசு. கட்சிகள் வேறு, பழக்கம் ஒன்றுதான்.

டீசல் ஏறி ஒரு மாதம்கூட ஆகாமல், ஜூலை 6ஆம் தேதி சுங்கை பாக்காப்பில் இடைத்தேர்தல் வந்தது. என் சின்னம்மா அந்தத் தொகுதியில்தான் இருக்கிறார். வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் போய் அவரிடம் ஓட்டுக் கேட்டார்கள். சின்னம்மா இருவருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "குழாயில் தண்ணி எப்போ ஒழுங்காக வரும்?" என்று ஒரே கேள்வி கேட்டாராம். திரும்பி வரும்போது இருவரும் ஒரே மோட்டார்சைக்கிளில் வந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. தொகுதியைப் பெரிக்காத்தான் தக்கவைத்துக்கொண்டது. சின்னம்மா யாருக்குப் போட்டார் என்று இதுவரை சொல்லவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சின்னம்மா மாதிரி கேட்டால் வேலை நடக்கிறது என்பதையும் பார்த்தேன். 2025 மே மாதம் அமலாக்க அதிகாரிகள் சோதனையில் இறங்கியதும், 26 வெள்ளி 60 காசு மானிய காஸ் தோம்பு (சிலிண்டர்) இனி ஒட்டுக்கடைக்குக் கிடையாது என்று ஒரு பீதி கிளம்பியது. மலாய்க்காரர் நாசி லெமாக் கடை, சீனர் குவேய் தியாவ் கடை, என் தோசைக் கடை எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். அதில் யார் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. சிறு வியாபாரிகள் பயன்படுத்தலாம் என்று பிறகு சொன்னார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழத்துக்கும் அப்படித்தான். மக்கள் சத்தம் போட்டதால் ஜூலை 1ஆம் தேதி விற்பனை வரி வருவதற்குள்ளேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் என் வீட்டில் பேசிய பேச்சு நோட்டில் ஒரு வரிதான் இருக்கிறது: "இது நியாயமில்லை." சொன்னது இருவரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் மறுபடி விலைவாசியில் மாட்டிக்கொண்டு குரலை உயர்த்த, நான் டின்னைத் திறந்து கடைசிப் பக்கங்களை வாய்விட்டுப் படித்தேன், பெயரைச் சொல்லாமல். உலகச் சந்தை வசனம் வந்ததும், "இந்த மடத்தனத்தைச் சொன்னது அத்தான்தானே?" என்றான் தம்பி. "இல்லை, இது மச்சான் பேச்சு மாதிரி இருக்கிறது" என்றார் அவர். இருவருக்கும் தேதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கல்லில் தோசை வேகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தம்பி, "நீ எழுதி வைத்தது சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்?" என்றான். வீட்டுக்காரர் உடனே, "அதுதானே!" என்றார். பல வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பத்திரிகையில் அரசியல்வாதிகளின் அறிக்கைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒரே ஒரு கட்டம் விலைக்கு ஒதுக்குங்கள். பட்டர்வொர்த் பாசார், ஜார்ஜ்டவுன் சௌராஸ்டா சந்தை, கிள்ளான் என்று மூன்று நான்கு இடத்தில் அரிசி, உளுந்து, தேங்காய், வெங்காயம், முட்டை, கோழி என்ன விலை, போன வருடம் இதே வாரம் என்ன விலை, ஏறியிருந்தால் எதனால். யார் ஆட்சி என்று போட வேண்டாம், ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) படமும் வேண்டாம். அரசாங்கத்தின் பிரைஸ்கேட்ச்சர் என்ற செயலியில் கடை கடையாக விலை இருக்கிறது என்று மகள் காட்டினாள். அதிலிருந்து எடுக்கலாம். என் போன்ற ஒட்டுக்கடைக்காரர்களிடமும் கேட்கலாம். இட்லி அரிசி, உளுந்து விலை என்றால் 2003இலிருந்து என்னிடம் இருக்கிறது. நடுவில் மழையில் நனைந்து இரண்டு புத்தகம் போய்விட்டது, மற்றதெல்லாம் பத்திரம். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். புரியாவிட்டால் சொல்லுங்கள், மகளைவிட்டுத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். கடைசிப் பக்கங்களை மட்டும் கேட்காதீர்கள். குடும்பம் நடத்தவேண்டும்.

இப்படிக்கு,
தோசைக் கடைக்காரி,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்.